குழாயும் விளக்கும் இல்லாத முகாம்: இந்தியன் க்ரீக்கின் செம்பாறைகளுக்கிடையே தங்குதல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்னும் சிற்றூரிலிருந்து 191ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் சென்று, அங்கே மேற்கு நோக்கிப் பிரியும் 211ஆம் எண் சாலையில் திரும்பினால், முதலில் புல்லும் சிறு மேடுகளுமாகத் தெரியும் நிலம் சற்று நேரத்தில் சரிந்து, இந்தியன் க்ரீக் என்னும் சிற்றோடை அறுத்த பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. இருபுறமும் செங்குத்தாக எழும் செந்நிறப் பாறைச் சுவர்கள் சாலையோடு கூடவே வந்து, பிறகு மெல்ல விலகி, அகன்ற வெளிக்கு வழிவிடுகின்றன. இச்சாலையின் முடிவில் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ‘நீடில்ஸ்’ பகுதி இருக்கிறது. பூங்காவின் எல்லைக்கு வெளியே, சாலையை ஒட்டியும் அதிலிருந்து கிளைக்கும் மண்பாதைகளிலும், ஹாம்பர்கர் ராக், க்ரீக் பாஸ்ச்சர், சூப்பர் பவுல் என்னும் பெயர்களில் சிறு முகாம் திடல்கள் அமைந்துள்ளன. இவற்றுள் ஹாம்பர்கர் ராக் மிகச் சிறியது. தனித்து நிற்கும் தட்டையான செம்பாறைக் குன்று ஒன்றைச் சுற்றி, அதன் மடிப்புகளுக்கும் நிழலுக்கும் ஏற்றாற்போல், பத்து இடங்கள் மட்டும் ஒதுக்கப்பட்டுள்ளன.

இத்தகைய திடல்களை அமெரிக்க நில நிர்வாகத்தினர் ‘ப்ரிமிட்டிவ்’ வகையைச் சேர்ந்தவை என்பர். குடிநீர்க் குழாய், மின்சாரம், குளியலறை, குப்பைத் தொட்டி, கடை, காவலர் அறை ஆகிய எதுவும் இல்லாமல், தங்குவதற்கான இடத்தை மட்டும் எல்லை குறித்துக் கொடுக்கும் முகாம் என்பது இதன் பொருள். அங்கே இருப்பவை ஒரு மேசை, நெருப்பு மூட்டுவதற்கான இரும்பு வளையம், சற்றுத் தொலைவில் ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். அந்தக் கழிப்பறையும் நீரூற்றிக் கழுவும் வகையன்று. தரைக்கடியில் கசிவில்லாத தொட்டி ஒன்றைப் புதைத்து, அது நிரம்பும்போது வண்டி வந்து உறிஞ்சியெடுத்துச் செல்லும் வகை. இத்திடல்களை நடத்துவது நில மேலாண்மைப் பணியகம் என்னும் கூட்டரசு அமைப்பு. 1946இல், பழைய பொது நில அலுவலகத்தையும் மேய்ச்சல் துறையையும் ஒன்றாக்கி உருவாக்கப்பட்ட இவ்வமைப்பு, மேற்கு மாநிலங்களில் யாருக்கும் பட்டா கொடுக்கப்படாமல் எஞ்சிய பெருநிலப்பரப்பைப் பொதுமக்களின் சார்பில் பேணிவருகிறது.

வசதிகள் இல்லாதிருப்பதைப் பணப்பற்றாக்குறையின் விளைவாக மட்டும் பார்ப்பது போதாது. பாலைநிலத்தில் ஒரு குழாயை நாட்டினால் அதற்கு ஆழ்துளைக் கிணறும் மின்கம்பியும் வேண்டும். மின்கம்பி வந்தால் விளக்கு வரும். விளக்கும் நீரும் வந்த இடத்தில் பெரிய வண்டிகளும், அவற்றுக்கேற்ற அகன்ற சாலையும், அச்சாலையில் வரும் கூட்டமும் தாமாகவே வந்து சேரும். எந்த நிலத்தைப் பார்க்க மக்கள் வருகிறார்களோ அந்த நிலம், அவர்களுக்குச் செய்துகொடுக்கப்படும் வசதிகளாலேயே படிப்படியாக மறைந்துபோகக்கூடும். எனவே ‘இல்லை’ என்னும் சொல்லை இங்கே ஒரு திட்டமாகவே வாசிக்க வேண்டும். அதன் மறுபக்கம், நிர்வாகம் செய்யாமல் விட்ட ஒவ்வொன்றையும் தங்குபவர் தம் கையால் செய்தாக வேண்டும் என்பது. நீரைச் சுமந்து வருவதும், குப்பையைச் சுமந்து போவதும், எங்கே கால் வைப்பது என்று தீர்மானிப்பதும் அவர் பொறுப்பே.

அவர் கால் வைக்கும் நிலத்தின் வரலாறு உப்பிலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இப்பகுதி தாழ்ந்து கிடந்த ஒரு வடிநிலமாக இருந்தது. கடல் அதற்குள் புகுவதும், வெப்பத்தில் வற்றுவதும், மீண்டும் புகுவதுமாகப் பலமுறை நிகழ்ந்து, பாரடாக்ஸ் படிவம் என்று நிலவியலார் அழைக்கும் தடித்த உப்புப் படுகையை விட்டுச்சென்றது. அதன்மேல் பிற்காலத்தில் மணலும் சேறும் படிந்து பாறையாயின. நீடில்ஸ் பகுதியில் சிவப்பும் வெண்மையுமாகப் பட்டைபட்டையாகத் தெரியும் பாறைக்கு சீடர் மேசா மணற்கல் என்று பெயர். வெள்ளைப் பட்டைகள் பழைய கடற்கரையோர மணற்குன்றுகளிலிருந்து வந்தவை. சிவப்புப் பட்டைகள், கிழக்கே அக்காலத்தில் உயர்ந்து நின்ற அன்கம்பாக்ரே மலைத்தொடரிலிருந்து ஆறுகள் அரித்துவந்த, இரும்புச் சத்து மிகுந்த வண்டலைக் கொண்டவை. மணல் துகள் ஒவ்வொன்றின்மீதும் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே செந்நிறத்தின் காரணம். துகளின் உள்ளே இருப்பது நிறமற்ற குவார்ட்ஸ்தான்.

உப்பின் ஒரு பண்பை இங்கே விளக்க வேண்டும். பெரும் அழுத்தத்தின்கீழ், மிக நீண்ட காலப்போக்கில், அது திடப்பொருளாக நில்லாமல் பிசுபிசுத்து நகரும். மேலே கிடந்த மணற்கல்லோ விறைப்பானது, வளையாதது. அடியில் உப்பு நகர்ந்தபோதும் கரைந்தபோதும், மேலிருந்த பாறை குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. மழைநீரும் பனியும் அவ்விரிசல்களை அகலப்படுத்த, இடையில் எஞ்சிய பாறைத் துண்டுகள் தூண்களாகவும் கூம்புகளாகவும் உருண்டு திரண்டன. ‘நீடில்ஸ்’, அதாவது ‘ஊசிகள்’, என்ற பெயர் அப்பகுதிக்கு வந்தது இவற்றால்தான். பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் நெடுஞ்சுவராக நிற்கும் பாறை வேறொரு காலத்தது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பரந்து கிடந்த மணற்பாலையின் குன்றுகள் இறுகி உருவான விங்கேட் மணற்கல் அது. அடியில் மெத்தென்ற களிப்பாறை கரைந்துபோகப் போக, மேலிருக்கும் விங்கேட் செங்குத்தாகப் பிளந்து விழுவதால், அதன் முகம் எப்போதும் நிமிர்ந்தே இருக்கிறது. சாலையிலிருந்து தெரியும் சிக்ஸ் ஷூட்டர் என்னும் இரட்டைச் சிகரங்கள், இவ்வாறு தேய்ந்து எஞ்சிய விங்கேட் கோபுரங்களே.

இந்த உப்புக்கு அண்மைக்காலத்தில் வேறொரு கவனமும் வந்தது என்பதைப் பலர் அறியார். உப்புப் படுகையில் நிலத்தடி நீர் ஓடாது என்னும் கருத்தின் அடிப்படையில், 1980களில் அமெரிக்க எரிசக்தித் துறை, அணு உலைகளின் உயர்கதிர்வீச்சுக் கழிவைப் புதைக்கத்தக்க இடங்களின் பட்டியலில், பூங்காவின் எல்லையருகே உள்ள டேவிஸ், லாவண்டர் பள்ளத்தாக்குகளைச் சேர்த்தது. உள்ளூர் மக்களும் இயற்கை ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தனர். 1987இல் நெவாடாவின் யுக்கா மலையை மட்டும் ஆராய்வது என்று அமெரிக்க நாடாளுமன்றம் முடிவெடுத்ததால் இவ்விடம் தப்பியது. இன்று அமைதியைத் தேடி வந்து தங்குபவர்களின் கூடாரங்களுக்கு அருகிலேயே அக்கழிவைச் சுமந்த இரயில்கள் ஓடியிருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது, வெறும் நிலம் என்று ஒன்றை அழைப்பதில் எவ்வளவு ஆபத்து உள்ளது என்பது விளங்கும்.

இனி நீர். இங்கே ஆண்டு மழையளவு ஏறத்தாழ 230 மில்லிமீட்டர். காற்றின் ஈரப்பதம் மிகக் குறைவு. வறண்ட காற்றில் வியர்வை தோலை நனைக்கும் முன்பே ஆவியாகிவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதை அதற்குரியவரே உணர்வதில்லை. சென்னையின் புழுக்கத்தில் சட்டை நனைந்து ஒட்டும்போது உடல் தரும் எச்சரிக்கை, இங்கே கிடைப்பதேயில்லை. தலைவலியும் எரிச்சலும் சோர்வும்தான் முதல் அறிகுறிகளாக வரும். ஆகவே ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் என்பது பூங்கா நிர்வாகம் தரும் கணக்கு. இருவர் நான்கு நாள் தங்குவதாயின் 32 லிட்டர் வேண்டும். பாத்திரம் கழுவுதல், கை கழுவுதல், வண்டி பழுதானால் கூடுதலாகக் காத்திருத்தல் ஆகியவற்றையும் சேர்த்தால், 50 லிட்டரோடு வருவதே அறிவுடைமை. அதையும் ஒரே கலனில் நிரப்பாமல் பலவற்றில் பிரித்து வைப்பது நல்லது. ஒன்று உடைந்தாலும் மற்றவை காப்பாற்றும். நீடில்ஸ் பார்வையாளர் மையத்தில் குடிநீர் கிடைக்கும் என்றாலும், அதை நம்பி வெறுங்கலனோடு வருவது முறையாகாது. நீரோடு உப்பும் உணவும் உடலுக்குச் செல்ல வேண்டும்; வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு தாழ்ந்து, அதுவே நோயாகிவிடும்.

நீர் குறைவாக இருக்கும் இடத்தில் சமையலின் ஒழுங்கும் மாறுகிறது. வடித்துக் கொட்டும் சோற்றுக்கு இங்கே இடமில்லை. நீர் முழுவதும் உணவிலேயே சுண்டும்படி சமைப்பதும், பருப்பு வெந்த நீரைச் சாறாக்குவதும், ஒரே பாத்திரத்தில் முடித்துக்கொள்வதும் பொருந்தும். உண்டபின் பாத்திரத்தைத் துணியாலோ காகிதத்தாலோ துடைத்துவிட்டுப் பிறகு சிறிதளவு நீரால் அலம்பினால் போதும். அலம்பிய நீரில் மிதக்கும் பருக்கைகளை வடிகட்டி எடுத்துக் குப்பையோடு சேர்த்துவிட வேண்டும். அண்டங்காக்கைகளும் எலிகளும் அணில்களும் மனித உணவின் சுவையை அறிந்துவிட்டால், அந்த முகாமில் அடுத்து வருபவர்கள் அனைவரின் பைகளும் கிழிபடும். அவ்விலங்குகளின் இயல்பான தேடலும் கெடும். அதனால் உணவு முழுவதும் இரவில் வண்டிக்குள் பூட்டப்பட வேண்டும்.

நீர் இல்லாத இந்நிலத்தில் உயிரைப் பறிப்பதும் நீரே. சூலை முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து பிற்பகல் இடிமழையாகக் கொட்டுகிறது. வெறும்பாறை மழைநீரை உறிஞ்சுவதில்லை. விழுந்த நீர் முழுவதும் வழுக்கிக்கொண்டு, ‘வாஷ்’ என்று அங்கே அழைக்கப்படும் மணல் ஓடைகளில் சேர்ந்து, மரங்களையும் கற்களையும் புரட்டியபடி திடீர் வெள்ளமாகப் பாய்கிறது. தலைக்குமேல் வானம் தெளிந்திருந்தாலும், பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை இங்கே வெள்ளமாக வரக்கூடும். மென்மையான மணலும் காட்டன்வுட் மரங்களின் நிழலும் கொண்ட ஓடைத்தரை, கூடாரம் அடிக்க மிக வசதியாகத் தோன்றுவதே இதில் உள்ள தீங்கு. முகாம் திடல்களின் இடங்கள் ஓடைமட்டத்துக்கு மேலே குறிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுதான்.

இளவேனிலில் தொல்லை தருவது காற்று. மணலில் அறைந்த முளைக்குச்சி ஒரே வீச்சில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அகன்ற நீண்ட முளைகளைப் பயன்படுத்துவதும், சிறு துணிப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, அவற்றைப் புதைத்து நங்கூரமாக்குவதும் அங்கே பழகியவர்களின் வழக்கம். ஆளில்லாத கூடாரத்தைக் காற்று உருட்டிக்கொண்டு போவதும் அங்கே நடப்பதுதான். நடைக்குப் போகும்போது கம்புகளைக் கழற்றிக் கூடாரத்தைப் படுக்க வைத்துவிட்டுப் போவதே பாதுகாப்பு.

முகாமிடுபவர் அறிய வேண்டியவற்றுள் மிகவும் இன்றியமையாதது, காலடியில் இருக்கும் கரும்படலம். புதர்களுக்கு இடையே உள்ள மண் பல இடங்களில் கறுத்து, சிறுசிறு கோபுரங்களாகப் புடைத்து, கரடுமுரடாகத் தெரியும். தீய்ந்துபோன மண் என்றே புதியவர் நினைப்பார். உண்மையில் அது உயிருள்ள மண்மேலோடு. சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பசும் பாசிகளும், லைக்கன்களும், பாசிகளும், பூஞ்சைகளும் சேர்ந்து வாழும் ஒரு சமூகம் அது. அவற்றுள் முதன்மையானது மைக்ரோகோலியஸ் வஜைனேட்டஸ் என்னும் இழைவடிவ உயிரி. ஈரம் படும்போது அது மண்ணுக்குள் ஊர்ந்து செல்கிறது. செல்லும் வழியெல்லாம் பசைத்தன்மை கொண்ட உறையை விட்டுச்செல்கிறது. ஈரம் வற்றியதும் அசைவற்று அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. விட்டுச்சென்ற உறைகளோ மணல் துகள்களைத் தைத்துப் பிணைத்துவிடுகின்றன. காற்றும் நீரும் அந்த மண்ணை எளிதில் கொண்டுபோக முடிவதில்லை. மேலோட்டில் வாழும் உயிரிகளுட் சில காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், சத்துக் குறைந்த இப்பாலையின் செடிகளுக்கு உரமும் அங்கிருந்தே கிடைக்கிறது.

மோவாபில் பணியாற்றிய அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் சூழலியலாளர் ஜெய்ன் பெல்நாப், இம்மேலோட்டைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து அதன் மதிப்பை உலகறியச் செய்தவர்களுள் முன்னிற்பவர். மேலோட்டின் மெல்லிய பாசிப் பகுதி சில ஆண்டுகளில் மீளத் தொடங்கினாலும், லைக்கன்களும் முழுமையான அமைப்பும் திரும்பப் பல பத்தாண்டுகளும், சில இடங்களில் நூற்றாண்டுகளும் ஆகலாம். உலர்ந்த நிலையில் அது நொறுங்கும் தன்மையுடையது. ஒரு காலடியோ ஒரு மிதிவண்டித் தடமோ போதும், இழைகள் அறுந்துவிடும்; அந்தத் தடத்தில் அடுத்த காற்று மண்ணை அள்ளும்; அள்ளிய மண் பக்கத்திலிருக்கும் நல்ல மேலோட்டையும் மூடி, ஒளி கிடைக்காமல் அதைக் கொல்லும்.

அள்ளப்பட்ட மண் எங்கே போகிறது என்பதைப் பின்தொடர்ந்தால் செய்தி இன்னும் பெரிதாகிறது. கொலராடோ பீடபூமியிலிருந்து எழும் செந்தூசி கிழக்கே பறந்து, சான் வான் மலைகளின் பனிமீது படிகிறது. வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பியனுப்பும். தூசி படிந்த பனி வெப்பத்தை உள்வாங்கும். இதனால் பனி சில வாரங்கள் முன்னதாகவே உருகிவிடுகிறது. மூடியிருந்த பனி முன்கூட்டியே விலகுவதால் மண்ணும் செடிகளும் நீண்ட காலம் நீரை ஆவியாக்குகின்றன. ஆற்றுக்கு வந்துசேர வேண்டிய நீர் குறைகிறது. தாமஸ் பெயின்டர் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகையில் மேல் கொலராடோ ஆற்றின் ஆண்டு நீரோட்டத்தில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டது. ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் அவ்வாற்றை நம்பி வாழ்கிறார்கள். இந்தத் தூசிக்கு முதற்காரணம் முகாமிடுபவர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பெருகிய கால்நடை மேய்ச்சலும் உழவும் சாலைகளுமே. ஆயினும் அதே மண்ணில் இன்று ஆண்டுதோறும் பெருகிவரும் பொழுதுபோக்குப் பயணிகள் தம் பங்கைக் கூட்டாமல் இருப்பது, அவர்களிடம் கேட்கத்தக்க மிகச் சிறிய உதவியே ஆகும். வகுக்கப்பட்ட பாதை, வெறும்பாறை, ஓடையின் மணல் ஆகிய மூன்றின்மீது மட்டுமே கால் வைத்து நடந்தால் போதும். வண்டியைப் புதருக்குள் ஏற்றி நிறுத்தாமலும், புகைப்படத்துக்காகப் பாதையை விட்டு விலகாமலும் இருப்பதும் இதில் அடங்கும்.

பாறையின் மேற்பரப்பில் மழைநீர் தேங்கும் சிறு குழிகளும் இத்தகைய கவனத்துக்கு உரியவை. மழை பெய்த சில நாட்களில், வற்றிக் கிடந்த குழிகளில் தேவதை இறால் என்றும் தலைப்பிரட்டை இறால் என்றும் பெயர்பெற்ற சிற்றுயிர்கள் நீந்துவதைக் காணலாம். அவை வானிலிருந்து வந்தவையல்ல. குழியின் அடிமண்ணில், முழுவதும் உலர்ந்த முட்டைகளாகப் பல ஆண்டுகள் கிடந்து, நீர் பட்டதும் பொரித்து, நீர் வற்றுவதற்குள் வளர்ந்து, இணைந்து, மீண்டும் முட்டையிட்டு மடிகின்றன. மேனியில் பூசிய வெயில் களிம்போ சோப்போ அச்சிறு நீரில் கலந்தால் அதிலுள்ள உயிர்கள் அனைத்தும் அழியக்கூடும். கை நனைக்கவும் கூடாது, வற்றிய குழியின் மண்ணில் மிதிக்கவும் கூடாது என்ற விதி, காரணம் தெரியாதவருக்கு மிகையாகத் தோன்றலாம். காரணம் தெரிந்தபின் அதை மீற யாருக்கும் மனம் வராது.

கழிவைப் பற்றிப் பேச நாணும் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டியுள்ளது. ஈரமான காட்டில் புதைத்த மனிதக் கழிவை நுண்ணுயிரிகள் மட்கச் செய்துவிடும். வறண்ட மண்ணில் அது நெடுநாள் அப்படியே கிடக்கும். ஆகவே திடலின் கழிப்பறையைப் பயன்படுத்துவதும், அது இல்லாத தொலைவுக்கு நடக்கும்போது ‘வாக் பேக்’ எனப்படும் இரட்டைப் பையை எடுத்துச் செல்வதும் வழக்கமாகியுள்ளன. அப்பைக்குள் இருக்கும் பொடி கழிவிலுள்ள நீரைக் கூழாக்கி நாற்றத்தைக் கட்டுப்படுத்தும். பையைத் திரும்பக் கொண்டுவந்து ஊர்க் குப்பையில் சேர்க்கலாம். நீடில்ஸின் உட்பகுதிகள் பலவற்றில் இது கட்டாயம்.

நெருப்புக்கும் எல்லை உண்டு. சுற்றிலும் கிடக்கும் பட்ட ஜுனிப்பர் கட்டைகளைப் பொறுக்கக் கூடாது. விறகை ஊரிலிருந்து வாங்கி வர வேண்டும். அக்கட்டைகள் பல்லிகளுக்கும் பூச்சிகளுக்கும் வீடு. அவை மட்கித் திரும்பத் தரும் சத்தும் இம்மண்ணுக்குத் தேவை. இன்னொரு காரணமும் உண்டு. பாலையில் மரம் நூற்றாண்டுக்கணக்கில் கெடாமல் கிடப்பதால், பழங்குடியினரின் கட்டடங்களிலிருந்து விழுந்த கட்டையும் நேற்று முறிந்த கிளையும் புதியவரின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். மரவளையங்களைக் கொண்டு அக்கட்டடங்களின் காலத்தைக் கணிக்கும் ஆய்வாளருக்கு அந்த ஒரு கட்டை ஓர் ஆவணம்.

பகலில் 35 பாகைக்கு மேல் காய்ந்த இடம் இரவில் நடுங்க வைக்கும். ஒரே நாளில் 22 பாகை செல்சியஸுக்கும் மேல் ஏறியிறங்குவது இங்கே வழக்கமே. காற்றில் நீராவியும் வானில் மேகமும் குறைவாக இருப்பதால், பகலில் நிலம் வாங்கிய வெப்பம் தடையின்றி விண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும்கூட உறைநிலைக்கு ஏற்ற தூங்கும் பை தேவைப்படுவதன் காரணம் இது. அதே வறண்ட தெளிந்த காற்றுதான், ஊர்களின் ஒளியிலிருந்து விலகிய தொலைவோடு சேர்ந்து, இங்குள்ள இரவு வானை உலகின் சிறந்த வானங்களுள் ஒன்றாக்குகிறது. கேன்யன்லாண்ட்ஸ் 2015இல் சர்வதேச இருள்வான் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலவில்லாத இரவில் பால்வீதி ஒரு மங்கல் கீற்றாக இல்லாமல், இருண்ட பிளவுகளும் ஒளித்திரள்களும் கொண்ட முழு உருவமாகப் பாறைக்கு மேலே நிற்கும். அதைக் காண்பதற்குக் கண்ணுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் முழு இருள் வேண்டும். விழித்திரையின் கோல் செல்களில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறமி மீண்டும் உருவாக அவ்வளவு நேரம் பிடிக்கிறது. ஒரு கைப்பேசித் திரையின் வெள்ளொளி அதை ஒரு நொடியில் அழித்துவிடும். தம் கண்ணில் மட்டுமன்றிப் பக்கத்து முகாமில் இருப்பவரின் கண்ணிலும் அழித்துவிடும். மங்கிய செவ்வொளி விளக்கைப் பயன்படுத்துவது அங்கே கட்டாயம் அன்று; ஆனால் அதைவிட நல்ல அண்டை வீட்டுப் பண்பும் அங்கே வேறில்லை.

இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் இத்திடல்கள் பெரும்பாலும் பாறையேறிகளால் நிரம்பிவிடுகின்றன. விங்கேட் சுவர்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓடும் விரிசல்கள் உலகில் வேறெங்கும் இவ்வளவு செறிவாகக் கிடைப்பது அரிது. 1976இல் ஏர்ல் விக்கின்ஸும் அவர் தோழர்களும் ‘சூப்பர்கிராக்’ என்னும் விரிசல் வழியே ஏறியதிலிருந்து இப்பள்ளத்தாக்கின் புகழ் பரவியது. கையையும் பாதத்தையும் விரிசலுக்குள் செருகித் திருகி ஏறுவது இதன் முறை. மழைக்குப் பின்னர் பாறை முழுவதும் உலரும்வரை ஏறாமலிருப்பது அவர்களுக்குள் வேரூன்றிய ஒழுக்கம். ஈரமான மணற்கல்லில் துகள்களைப் பிணைக்கும் காரை தளர்ந்துவிடுவதால், பிடிமானங்கள் உடைந்து பாறையும் கெடும், ஏறுபவரும் விழுவார்.

இங்கே தங்கியவர்களின் வரிசை மிக நீளமானது. முகாம்களுக்குச் செல்லும் வழியிலேயே இருக்கும் ‘நியூஸ்பேப்பர் ராக்’ என்னும் பாறையில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக் காலத்தில் பல மக்கள் செதுக்கிய நூற்றுக்கணக்கான உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கியுள்ளன. மாங்கனீசும் இரும்பும் கலந்த பாலைநில மெருகு என்னும் கரும்பூச்சைக் கொத்தி எடுத்து, அடியிலுள்ள வெளிர்நிறத்தைக் காட்டுவதே அச்செதுக்கலின் நுட்பம். மான்களுக்கும் காலடித் தடங்களுக்கும் நடுவே குதிரைமேல் அமர்ந்து அம்பெய்யும் வீரனும் இருக்கிறான். ஸ்பானியர்களின் வருகைக்குப் பின்னரே குதிரை இங்கே வந்ததால், அவ்வுருவத்தின் காலம் தானே வெளிப்படுகிறது. பள்ளத்தாக்குகளின் உயர்ந்த விளிம்புகளில், மக்காச்சோளம் சேமிக்கக் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய சிறு களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய முன்னோர் ப்யூப்லோ மக்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், கடும் வறட்சி சூழ்ந்த காலத்தில், தெற்கே பெயர்ந்தனர். கேவ் ஸ்பிரிங் என்னும் ஊற்றருகே, பாறைப் புடைப்பின் கீழ், மாடுமேய்ப்போர் பயன்படுத்திய அடுப்பும் மேசைகளும் பெட்டிகளும் அப்படியே விடப்பட்டுள்ளன. அவர்களின் முகாம் அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, பூங்காவுக்குள் மேய்ச்சல் நிறுத்தப்பட்ட 1975 வரை நீடித்தது. அதே புடைப்பின் சுவரில் அவர்களுக்கு மிக முற்பட்டவர்கள் தீட்டிய ஓவியங்களும் உள்ளன. நீர் கசியும் அரிய இடம் என்பதால், எக்காலத்தவரும் அங்கேயே தங்க நேர்ந்திருக்கிறது.

1964 செப்டம்பர் 12 அன்று கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா உருவானபோது இந்தியன் க்ரீக் அதற்கு வெளியே நின்றது. அப்பள்ளத்தாக்கின் நடுவிலுள்ள டகவுட் பண்ணையை 1997இல் நேச்சர் கன்சர்வன்சி என்னும் அமைப்பு வாங்கியதால், அங்கே வீட்டுமனைகள் எழும் வாய்ப்பு நீங்கியது. 2016 டிசம்பர் 28 அன்று அதிபர் ஒபாமா, ஏறத்தாழ 13.5 இலட்சம் ஏக்கர் பரப்பை ‘பேர்ஸ் இயர்ஸ்’ தேசிய நினைவுப் பகுதியாக அறிவித்தபோது இந்தியன் க்ரீக்கும் அதில் சேர்ந்தது. 2017இல் அதிபர் டிரம்ப் அப்பரப்பை ஏறத்தாழ 85 விழுக்காடு குறைத்தார்; 2021 அக்டோபரில் அதிபர் பைடன் பழைய எல்லையை மீட்டார். இந்த இழுபறியில் முக்கியமான ஒரு மாற்றம் 2022 சூன் மாதத்தில் நிகழ்ந்தது. ஹோப்பி, நவஹோ, சூனி, யூட் மவுன்டன் யூட், யூட் இந்தியன் ஆகிய ஐந்து பழங்குடி அரசுகளும் நில மேலாண்மைப் பணியகமும் வனத்துறையும் இப்பகுதியைக் கூட்டாகப் பேணும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. எந்தத் திடலை விரிவாக்குவது, எந்தப் பாதையை மூடுவது, எங்கே யாரும் தங்கக் கூடாது என்பன போன்ற கேள்விகளில், களஞ்சியங்களைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்களுக்கும் இப்போது இடம் கிடைத்துள்ளது. நினைவுப் பகுதிக்கு அவ்வாண்டு திறந்துவைக்கப்பட்ட பெயர்ப்பலகையில் அரசுத் துறைகளின் முத்திரைகளோடு அவ்வைந்து பழங்குடிகளின் முத்திரைகளும் பொறிக்கப்பட்டுள்ளன.